மாரடைப்பு வந்த அன்று கொடுக்கும் மாத்திரை

நெஞ்சுவலி என்று ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். ஈசிஜி எடுத்ததில் மாரடைப்பு என்று தெரிகிறது. பெரிய மருத்துவமனைக்கு ஏற்றிப்போக 108 ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒரு பிடி மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்கச் சொல்கிறார்கள். 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இதுதான். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் என்று அதில் மூன்று வகை. முதல் இரண்டும் இரத்தம் மேலும் உறையாமல் தடுப்பவை. மூன்றாவது கொலஸ்ட்ரால் மாத்திரை.

நல்ல திட்டம். ஆஞ்சியோ வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் ஊர்களில் அந்த ஒரு பிடி மாத்திரையின் அருமை தெரியும். ஆனால், அதே அடார்வாஸ்டாடினைச் சிறிய அளவில் தினம் ஒன்றாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கத் தொடங்கியிருந்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் கணிசமானோர் அந்த வாசலுக்கு வந்திருக்கவே மாட்டார்கள். அப்போது கொடுக்காமல் விட்டதற்கு மருந்து இல்லாதது காரணமா என்றால் இல்லை. விலையும் காரணம் இல்லை. கொலஸ்ட்ராலை வசதியானவர்களின் மாஸ்டர் செக்கப் சமாச்சாரமாகவே அரசும் நாமும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். சர்க்கரையையும் பிரஷரையும் கிராமத்து வீட்டுத் திண்ணைவரை கொண்டுசேர்த்த மாநிலம், கொழுப்பை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

கொலஸ்ட்ரால் இல்லாமல் உடம்பு இல்லை. செல்லின் உறை, பித்தநீர், வைட்டமின் டி, ஆண்-பெண் ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். உடலிலுள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மூளையில் இருக்கிறது. தேவைப்படுவதில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மற்ற உறுப்புகளும் தாமே தயாரித்துக்கொள்கின்றன. ரசத்தின் மேல் நெய் மிதப்பதுபோல, கொழுப்பு இரத்தத்தில் கரையாது என்பதில்தான் சங்கடம் தொடங்குகிறது. அதனால் அது புரதம் போர்த்திய நுண்ணிய பொதிகளில் பயணம் செய்கிறது. கல்லீரலிலிருந்து கிளம்பும் கொழுப்பை உடலெங்கும் சுமந்து திரிவது எல்டிஎல். மிஞ்சியதைத் திரும்பக் கொண்டுவருவதில் பங்கெடுப்பது எச்டிஎல்.

எல்டிஎல் பொதிகள் தேவைக்கு மேல் சுற்றும்போது தமனியின் உட்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பைத் தின்று வீங்கி அங்கேயே மடிகின்றன. இருபது முப்பது ஆண்டுகளில் அந்த இடம் மெல்லிய தோல் மூடிய கொழுப்புக் கட்டியாகிறது. அடைப்பு என்றாலே கசடு சேர்ந்து குழாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவது என்று நினைக்கிறோம். மாரடைப்புகள் பலவற்றில் நடப்பது வேறு. குழாயில் பாதியைக்கூட அடைக்காத கட்டி ஒன்று திடீரென்று வெடிக்கிறது, அதன்மேல் இரத்தம் உறைகிறது, சில நிமிடங்களில் வழி மூடிவிடுகிறது. போன மாதம் டிரெட்மில்லில் ஓடி ‘நார்மல்’ என்று சான்று வாங்கிய மனிதர் இன்று எப்படிப் போனார் என்று துக்க வீட்டில் கேட்கிறார்களே, அதற்கு விடை பெரும்பாலும் இதுதான். வெடிக்கும்வரை கட்டி வலிக்காது. கழுத்து உளைச்சல், தலைசுற்றல் எல்லாவற்றுக்கும் ‘கொழுப்பு கூடியிருக்கும்’ என்று சொல்வது நம் வழக்கம். அப்படி எந்த அறிகுறியையும் அது காட்டுவதில்லை.

இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி அவற்றின் தமனிகளில் கட்டிகளை உண்டாக்கிக் காட்டினார். புல் தின்னும் பிராணிக்குக் கொழுப்பைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும் என்று எதிர்த்தரப்பு சொன்னது. நியாயமான ஆட்சேபம். சந்தேகத்தைத் தீர்த்தவை முயல்கள் இல்லை, குழந்தைகள். பிறவியிலேயே எல்டிஎல் ஐந்தாறு மடங்கு கூடியிருக்கும் குழந்தைகளுக்குப் பத்து வயதுக்குள்ளேயே மாரடைப்பு வருவதுண்டு. பீடி, சாராயம், வேலைப் பளு, சர்க்கரை என்று வேறு எதன்மீதும் பழி போட முடியாத வயது அது. அந்தக் குழந்தைகளின் செல்களை ஆராய்ந்த டெக்சாஸ் மருத்துவர்கள் மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும், இரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் அவற்றில் வேலை செய்யவில்லை என்று கண்டார்கள். 1985இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் குறை வருவது மிக அரிது. ஒருவரிடமிருந்து வருவது அவ்வளவு அரிதில்லை. உலக அளவில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அந்த விகிதத்தைத் தமிழ்நாட்டின் மக்கள்தொகைக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று லட்சம் பேர் வருவார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தங்களிடம் அது இருப்பது தெரியும்?

மருந்து வந்த கதை இன்னும் சுவையானது. ஜப்பானின் வடக்கே அகிதா மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அகிரா எண்டோ. பெனிசிலின் கண்ட ஃபிளெமிங்கின் வரலாற்றைப் படித்து வளர்ந்தவர். சான்கியோ என்ற மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. எதிரி நுண்ணுயிர்களைக் கொல்லப் பூஞ்சைகள் நஞ்சு சுரக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று, எதிரி கொலஸ்ட்ரால் தயாரிப்பதையே தடுக்கும் நஞ்சாக இருக்கலாமே? 1971இல் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கிடைத்தது கியோட்டோவின் தானியக் கடை ஒன்றிலிருந்து எடுத்த அரிசியில் படிந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சையில். எலிகளிடம் அந்த மருந்து வேலை செய்யவில்லை. திட்டம் ஏறக்குறையக் கைவிடப்பட்ட நிலையில், ஆய்வுக்காகக் கோழிகள் வளர்த்துவந்த சக ஊழியர் ஒருவரிடம் பேசி அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோழிகளின் கொலஸ்ட்ரால் பாதியாகச் சரிந்தது. அந்த வழியைப் பின்பற்றி மெர்க் நிறுவனம் உருவாக்கிய லோவாஸ்டாடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, அடார்வாஸ்டாடினும் சேர்ந்த ஸ்டாடின் குடும்பத்தின் முதல் விற்பனை மருந்தானது. எண்டோவுக்கு அதில் பெரிய பணம் எதுவும் வரவில்லை. 2024 ஜூனில் தொண்ணூறு வயதில் காலமானார். ஸ்டாடினை மருந்து கம்பெனிகளின் சதி என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இந்த மனிதரைப் பற்றி ஒரு வரி சேர்த்து அனுப்பலாம்.

இரத்தத்தில் எண் குறைந்தால் உயிர் பிழைக்குமா என்பது தனிக் கேள்வி. அதற்கு 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் விடை கிடைத்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேரில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாடினும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கும் சற்று மேலான காலத்தில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள், மருந்து எடுத்தவர்களில் 182 பேர். பின்னர் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்டிஎல் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறையும்போது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைகின்றன. பிறவியிலேயே எல்டிஎல் சற்றுக் குறைவாக வாய்த்தவர்களைப் பற்றி 2012இல் வந்த மரபணு ஆய்வு இன்னும் முக்கியமானது. அதே அளவு குறைவுக்கு அவர்கள் பெறும் பாதுகாப்பு, நடுவயதில் மாத்திரை தொடங்குகிறவர்கள் பெறுவதைப் போல மும்மடங்கு. எண் எவ்வளவு என்பதோடு, அந்த எண்ணோடு எத்தனை ஆண்டு வாழ்ந்தோம் என்பதும் கணக்கில் வருகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தபோது, 11.4% இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் என்பதைப் பத்திரிகைகள் தலைப்பாக்கின. அதே ஆய்வில் ஏதாவது ஒரு வகையில் கொழுப்புக் கோளாறு உள்ளவர்கள் 81.2% என்று இருந்தது. அதைப் பேசியவர்கள் குறைவு. அந்தக் கோளாறின் சாயல் நமக்கே உரியது. எல்டிஎல் மிகுந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். எச்டிஎல் குறைந்தவர்கள் மூன்றில் இருவர், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு மிகுந்தவர்கள் மூன்றில் ஒருவர். சோற்றிலும் இட்லியிலும் பரோட்டாவிலும் உண்ணும் மாவுச்சத்து மிஞ்சும்போது கல்லீரல் அதை இந்தக் கொழுப்பாக மாற்றி அனுப்புகிறது. சராசரி இந்தியர் உண்ணும் கலோரியில் 62% மாவுச்சத்திலிருந்து வருகிறது. ‘நான் சுத்த சைவம், எனக்கு எப்படி கொலஸ்ட்ரால்?’ என்ற கேள்விக்குப் பதில் தட்டின் நடுவிலேயே குவிந்திருக்கிறது.

இந்தச் சாயலால்தான் நம் லேப் ரிப்போர்ட்டுகள் ஏமாற்றுகின்றன. ஒருவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்டிஎல் 32, டிரைகிளிசரைடு 280 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200-க்குள் இருப்பதால் அந்த வரியில் தடித்த எழுத்து இருக்காது. மனிதர் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுவார். பெரும்பாலான லேப்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். இவருக்கு 102 வரும். அதுவும் பயமுறுத்தாது. ஆனால் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள், 158. தமனிச் சுவரில் படியக்கூடிய எல்லாப் பொதிகளின் கொழுப்பும் சேர்ந்த கணக்கு அது. 130-க்குள் இருக்க வேண்டியது. கூடுதல் செலவே இல்லாத இந்த ஒரு கழித்தலை ரிப்போர்ட்டில் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும் என்று லேப்களுக்கு ஓர் உத்தரவு போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த எண்ணுக்கு முக்கியத்துவம் தருகிறது. பதினெட்டு வயதிலேயே முதல் பரிசோதனை, அதற்கு வெறும் வயிறு கட்டாயமில்லை, மரபு வழியில் வரும் லைப்போபுரோட்டீன்-ஏ என்பதை வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துவிடுவது என்பவையும் அதில் உண்டு. கடைசியாகச் சொன்னது இந்தியர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கூடுதலாக இருக்கிறது. உணவாலும் உடற்பயிற்சியாலும் அதை அசைக்க முடியாது.

சாப்பாட்டுப் பேச்சில் நாம் பல ஆண்டுகளாகத் தவறான ஆளையே பிடித்து வைத்திருக்கிறோம். முட்டை மஞ்சள்கருவில் இருநூறு மில்லிகிராமுக்கு நெருக்கமாகக் கொலஸ்ட்ரால் உண்டு. ஆனால் தட்டிலுள்ள கொலஸ்ட்ரால் இரத்தத்தில் அப்படியே ஏறுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு உடல் தன் தயாரிப்பைக் குறைத்துச் சரிக்கட்டிவிடுகிறது. அமெரிக்க உணவு வழிகாட்டியே தினசரி 300 மில்லிகிராம் என்ற வரம்பை 2015இல் எடுத்துவிட்டது. எல்டிஎல்லை உயர்த்துவதில் நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும்தான் முன்னே நிற்பவை. கடலை எண்ணெய் பாக்கெட்டில் இதயப் படம் போட்டு ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று எழுதுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கும். செடியிலிருந்து எடுத்த எந்த எண்ணெயில் கொலஸ்ட்ரால் இருந்தது? பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் அளவை. நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. பாமாயிலில் பத்தில் நான்கு பங்குக்கு மேல்.

அந்தப் பாமாயிலைத்தான் 2007 முதல் ரேஷன் கடையில் மலிவு விலையில் கொடுத்துவருகிறோம். விலைவாசியில் தவித்த குடும்பங்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கும் அரசு, அதே வீட்டுக்கு இந்த எண்ணெயையும் தருகிறது. தமிழ்நாட்டில் விளையும் கடலையிலிருந்து ஆட்டிய எண்ணெயை ஒரு பங்காவது இதற்கு மாற்றாகத் தர முடியுமா என்ற கேள்வியை விவசாயச் சங்கங்கள் எழுப்புகின்றன. மருத்துவர்களும் அதில் சேர்ந்துகொள்ள வேண்டும். டிரான்ஸ் கொழுப்பு விஷயத்தில் இந்தியா உருப்படியாக ஒன்றைச் செய்தது. எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பஜ்ஜிக் கடையின் இரும்புச் சட்டியில் கறுத்துக் கிடக்கும் எண்ணெயை யார் அளப்பது என்பது வேறு கதை.

பேலியோ உணவுமுறைக்காரர்கள் இந்த இடத்தில் கையை உயர்த்துவார்கள். மாவைக் குறைத்ததும் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் இறங்குகின்றன என்று அவர்கள் சொல்வது உண்மை. தமிழ்நாட்டில் மாவுச்சத்தைப் பற்றிப் பொதுமக்களைப் பேசவைத்த பெருமையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் வெண்ணெயும் நெய்யும் கொழுப்புக் கறியுமாகத் தின்று எல்டிஎல் 220-க்கு ஏறியவரிடம் ‘அது நல்ல எல்டிஎல், கவலைப்படாதீர்கள்’ என்று தங்கள் குழுவில் ஆறுதல் சொல்வது ஆபத்தான விளையாட்டு. மேலே சொன்ன குழந்தைகள் மாவுச்சத்தால் சாகவில்லை.

மாத்திரையைப் பற்றிய பயம் இதைவிடப் பரவலானது. ‘ஆரம்பித்தால் நிறுத்த முடியாது’, ‘தசை கரைந்துவிடும்’, ‘சுகர் வந்துவிடும்’. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் பயம் நிலைக்கிறது. ஸ்டாடின் சிலருக்குச் சர்க்கரையைக் கொண்டுவருகிறது: 255 பேர் நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டால் கூடுதலாக ஒருவருக்கு. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அதன் விளிம்பில் நின்றவர்கள். தசைவலியைப் பற்றி லண்டன் இம்பீரியல் கல்லூரி ஒரு அழகான சோதனை செய்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திய அறுபது பேருக்குச் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து தினமும் உபாதையைக் குறிக்கச் சொன்னார்கள். ஸ்டாடினில் வந்த உபாதையில் 90% வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யில்லை. அது மாத்திரையைப் பற்றிய எதிர்பார்ப்பிலிருந்து வந்தது. இதைத் தெரிந்துகொண்டதும் அவர்களில் பாதிப் பேர் மறுபடி மருந்தைத் தொடங்கினார்கள். உண்மையான தசைப் பாதிப்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஒன்று மட்டும் நிச்சயம்: ‘ரிப்போர்ட் நார்மலாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்துகிறவருக்குச் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே ஏறிவிடும். நார்மலானதே மாத்திரையால்தான்.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் இல்லை என்பதால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது. தொற்றா நோய்களுக்கு 2012இலேயே மாநிலம் முழுவதும் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தவர்கள் நாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கருப்பைவாய்ப் புற்று, மார்பகப் புற்று என்று அப்போது நான்கைத் தேர்ந்தெடுத்தார்கள். கொழுப்பு அந்த நான்கில் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் நடுவில் வைத்தே வளர்ந்தது. மறுபுறம், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டியும் பைபாஸும் உண்டு. கட்டி வெடித்த பிறகு ஸ்டென்டுக்கு அரசு பணம் கட்டுகிறது. வெடிக்காமல் தடுக்கும் மாத்திரையோ ஒன்று சில ரூபாய்க்குள் முடியும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கினால் இன்னும் மலிவு.

எல்லோருக்கும் மாத்திரை கொடுங்கள் என்று கேட்கவில்லை. நாற்பது வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிக்கு, எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும், மிதமான அளவில் ஸ்டாடின் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்லிவருகிறது. அந்த நோயாளிகளின் பட்டியல் நம் சுகாதாரத் தன்னார்வலர்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. மாதந்தோறும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைக் கொண்டுபோகும் பையில் இன்னொரு அட்டையைச் சேர்ப்பதுதான் பாக்கி. மருத்துவர் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட வேண்டும், கல்லீரல் பரிசோதனை ஒன்று எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நோயில்லாதவர்களை நோயாளிகளாக்குகிறோம் என்ற வாதம் இவர்கள் விஷயத்தில் செல்லாது. இவர்கள் ஏற்கெனவே நோயாளிகள்.

அடுத்தது குடும்பம். நெதர்லாந்து 1994 முதல் ஒரு வேலை செய்தது. மரபுவழிக் கொலஸ்ட்ரால் உள்ள ஒருவரைக் கண்டுபிடித்தால் அவருடைய அண்ணன், தம்பி, பிள்ளைகள், சித்தப்பா என்று தேடிப்போய்ச் சோதித்தார்கள். இருபது ஆண்டுகளில் இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கண்டறிந்தார்கள். நமக்கு மரபணுச் சோதனைகூடத் தேவையில்லை; எல்டிஎல் 190-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்தாலே முதல் சல்லடை தயார். ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்து ஒருவர் அந்த மூன்று வகை மாத்திரைகளை விழுங்கும்போது, கூட வந்த தம்பி வெளியே நின்றிருப்பார், மகன் கல்லூரியிலிருந்து வந்துகொண்டிருப்பான். நோயாளியின் பெயரை எழுதும் பதிவேட்டிலேயே அவர்கள் இருவரின் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கி, அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய இயந்திரமும் வேண்டாம்.